அளவுகோல் 50-இல் நிற்கவில்லை என்றால்? (திருப்புத்திறன் செய்முறை பற்றிய இழை)

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி, 6 பிப்ரவரி

மகள் பத்தாம் வகுப்பு. செய்முறைத் தேர்வுக்கு வீட்டில் பழகுகிறாள். திருப்புத்திறன்களின் தத்துவத்தை (இரண்டு பக்கமும் எடை × தூரம் சமம்) வைத்து ஒரு பொருளின் எடையைக் காண வேண்டும். மர அளவுகோலை 50-இல் நூல் கட்டித் தொங்கவிட்டால் இடது பக்கம் இறங்குகிறது. 49.6-இல் கட்டினால் நேராக நிற்கிறது. டியூஷனில் "50 என்றே எழுது, இல்லாவிட்டால் மார்க் போகும்" என்கிறார்களாம். எது சரி?

6 பிப்ரவரி, இரவு

49.6 தான் சரி. அதையே எழுதச் சொல்லுங்கள் அக்கா.

50 என்பது கோலில் அச்சடித்த எண், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அந்தக் கோலின் ஈர்ப்பு மையம். மரக்கோலில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான் அதிசயம். ஒரு முனையில் ஆணியில் மாட்ட ஓட்டை போட்டிருப்பார்கள், அந்தப் பக்கம் கனம் குறையும். இன்னொரு முனை தேய்ந்திருக்கும். சிலவற்றில் பித்தளைப் பூண் ஒரு பக்கம் விழுந்து மறு பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும். மரமே எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இருக்காது.

கோலுக்கும் எடை உண்டு. அந்த எடை ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கி இழுக்கிறது. நூலையும் அங்கேயே கட்டினால் தூரம் பூஜ்யம், அதனால் கோலின் திருப்புத்திறனும் பூஜ்யம். கணக்கில் கோல் வராது. இடது பக்கம் பொருள், வலது பக்கம் எடைக்கல், இரண்டை மட்டும் பார்த்தால் போதும். வெறும் கோலை முதலில் சமன் செய்யச் சொல்வது இதற்காகத்தான், சடங்குக்காக இல்லை.

ஒரே எச்சரிக்கை. தூரங்களை 49.6-இலிருந்து அளக்க வேண்டும். நூலை 49.6-இல் கட்டிவிட்டு, கழிக்கும்போது பழக்க தோஷத்தில் 50-இலிருந்து கழிக்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

7 பிப்ரவரி, காலை

மறந்துவிட்டேன்: ஃபேனை நிறுத்துங்கள். வேலூர் வெயிலில் கஷ்டம்தான், ஆனாலும்.

7 பிப்ரவரி, இரவு

"0.4 செ.மீ. தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கோலின் நிறை 110 கிராம், ஈர்ப்பு மையம் 49.6. பொருளின் உண்மையான நிறை 88 கிராம். கையில் இருப்பது 50 கிராம் எடைக்கல்.

முதலில் முறையாகச் செய்வோம். நூல் 49.6-இல். பொருளை இடது பக்கம் 20 செ.மீ. தள்ளி, அதாவது 29.6-இல் தொங்கவிடுகிறோம். எடைக்கல் 84.8-இல் வந்து நிற்கும், தூரம் 35.2. அப்போது 50 × 35.2 ÷ 20 = 88. சரி.

நூல் 49.6-இலேயே இருக்கிறது, கழிப்பது மட்டும் 50-இலிருந்து என்றால்? இடது தூரம் 20.4, வலது தூரம் 34.8. விடை 85.3 கிராம். கிட்டத்தட்ட மூன்று கிராம் காணோம்.

நூலையே 50-இல் கட்டிவிட்டால் கோலும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். 110 × 0.4 = 44 என்கிற திருப்புத்திறன் இடது பக்கம் கூடுகிறது. பொருள் 20 செ.மீ. தள்ளி இருந்தால் 1760 + 44 = 1804. எடைக்கல் 36.08-க்குப் போகும். விடை 90.2.

செய்முறை நோட்டில் 90 என்று வந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

8 பிப்ரவரி

ராணிப்பேட்டைத் தம்பி ஒருவர்: "நாலைந்து அளவீடு எடுத்துச் சராசரி போட்டால் பிழை போய்விடுமே சார்?"

போகாது தம்பி. கை நடுக்கம், கண் தவறு மாதிரி முன்னும் பின்னும் வருகிற பிழைகளைத்தான் சராசரி குறைக்கும். இங்கே 44 எப்போதும் ஒரே பக்கம்தான் கூடுகிறது. பொருள் 20 செ.மீ.-இல் இருந்தால் விடையில் 2.2 கிராம் அதிகம். 10 செ.மீ.-க்குக் கொண்டுவந்தால் 4.4 அதிகம். 44-ஐ அந்தத் தூரத்தால் வகுத்தது, அவ்வளவுதான். எத்தனை தடவை எடுத்தாலும் எல்லாம் 88-க்கு மேலேயே நிற்கும்.

இதையே துப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். பொருளை நூல் கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கொண்டுவர விடை ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால், கோலைச் சரியாகச் சமன் செய்யவில்லை என்று அர்த்தம். நோட்டில் அட்டவணையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சராசரி போட்டே ஆக வேண்டும் என்றால் பக்கத்தை மாற்றுங்கள். பொருள் வலது பக்கம் 20 செ.மீ., எடைக்கல் இடது பக்கம். இப்போது கோலின் 44 எடைக்கல்லுக்கு உதவுகிறது: 1760 − 44 = 1716, தூரம் 34.32, விடை 85.8. முன்பு வந்த 90.2-ஐயும் இந்த 85.8-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 88.0. பிழை அடிபட்டுப் போகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த காலத்தில் நான் இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அட்டவணையில் இன்னொரு பத்தி போட வேண்டுமே என்று முனகுவார்கள்.

10 பிப்ரவரி, மதியம்

என்ன பொருளைக் கட்டுவது என்று அக்கா கேட்டிருந்தார். பள்ளியில் கல்லோ பூட்டோ கொடுப்பார்கள். வீட்டில் நான் கத்தரிக்காய் கட்டுவேன். நம்ம இலவம்பாடி முள் கத்தரி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய். காம்பிலும் அதைச் சுற்றிய பச்சைத் தொப்பியிலும் முள் இருப்பதால் நூல் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். உருண்டைக் கல்லில் நூல் கட்டி, அது நழுவிக் கால் விரலில் விழுந்தவர்களுக்கு அருமை தெரியும். கட்டும்போது விரலில் குத்தும், அது தனி.

காய் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடி ஓய்ந்த பிறகுதான் படிக்க வேண்டும். நூல் கோலின் எந்தக் கோட்டின் மேல் இருக்கிறது என்று நேராக எதிரே நின்று பார்க்க வேண்டும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் சுலபமாக ஏமாற்றிவிடும். 5 செ.மீ. தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் 2 சதவீதம். 40 செ.மீ. தூரத்தில் அதே தவறு கால் சதவீதம்தான். அதனால் இரண்டையும் முடிந்தவரை ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

சோதனை முடிந்ததும் காய் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்குப் போய்விடும். கல்லைக் கட்டினால் இந்த லாபம் உண்டா?

11 பிப்ரவரி

"எங்கள் பள்ளியில் நூல் இல்லை, கீழே கத்திமுனைதான். கோல் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு மாணவி.

அது கையின் குற்றம் இல்லை. நூலில் தொங்கும்போது பிடிமானம் கோலின் மேல் விளிம்பில் இருக்கிறது, கோலின் ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே. கொஞ்சம் சாய்ந்தால் அதுவே திரும்பி வரும். கத்திமுனையில் நிலைமை தலைகீழ். தாங்கும் புள்ளி அடியில், கோலின் கனம் மேலே. எடைகளும் கோலின் மேல் விளிம்பில் நூலை மாட்டித் தொங்குவதால் அவற்றின் இழுப்பும் தாங்கும் புள்ளிக்கு மேலேதான். துளி சாய்ந்தாலும் சாய்வு கூடிக்கொண்டே போகும்.

அதனால் கத்திமுனையில் "நிற்கும் இடத்தை"த் தேடாதீர்கள். எடைக்கல்லை மெல்ல நகர்த்தி, கோல் இடது பக்கம் விழுகிற கடைசி இடத்தையும் வலது பக்கம் விழ ஆரம்பிக்கிற முதல் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவை எடுங்கள். பொறுமையாகச் செய்தால் நூல் முறையைவிட இதில் துல்லியம் அதிகம்கூட வரும்.

11 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதைப் பார்த்து ராணிப்பேட்டைத் தம்பி மறுபடி வந்துவிட்டார். "கோல் சாய்ந்தாலும் இரண்டு பக்கச் செங்குத்துத் தூரமும் ஒரே விகிதத்தில்தானே குறையும்? அப்புறம் எதற்குக் கிடைமட்டம்?"

பாதி சரி. தாங்கும் புள்ளி, பொருள் தொங்கும் புள்ளி, எடைக்கல் தொங்கும் புள்ளி, கோலின் ஈர்ப்பு மையம் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். கோல் எந்தச் சாய்வில் விட்டாலும் அங்கேயே நிற்கும். நிஜத்தில் அப்படி அமைவதில்லை. நூலில் தொங்கும் கோல் சாய்ந்தபடி நின்றால், அதன் ஈர்ப்பு மையம் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து, குறையும் திருப்புத்திறனைக் கோலே ஈடுகட்டுகிறது என்று பொருள். அதாவது இரண்டு பக்கமும் சமம் இல்லை, கோல் அட்ஜஸ்ட் செய்துகொண்டிருக்கிறது. கிடைமட்டத்தில் நிறுத்துவது இந்த அட்ஜஸ்ட்மெண்டை வெளியே தள்ளத்தான்.

13 பிப்ரவரி

இழை கடைத்தெருவுக்குப் போய்விட்டது. சந்தோஷம்.

ஆம்பூர் பாய் எழுதியிருக்கிறார்: தட்டுத் தராசில் பொருளைத் தட்டு மாற்றி வைத்து நிறுத்தால் கள்ளத் தராசு பிடிபட்டுவிடும், சராசரிதான் உண்மை எடை, மேலே நான் சொன்ன மாதிரியே, என்று.

பிடிபடும், அது உண்மை. ஆனால் சராசரி இங்கே முழுக்கச் சரியில்லை பாய். என் கோலில் கைகள் சமம், தவறு கூட்டலாக வந்தது, அதனால் கூட்டிப் பாதியாக்கினால் போயிற்று. தராசில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றால் தவறு பெருக்கலாக வருகிறது. ஒரு கை 20 செ.மீ., இன்னொன்று 21 என்று வையுங்கள். ஒரு கிலோ பொருள் நீளக் கையில் 1050 கிராம் காட்டும், குட்டைக் கையில் 952.4 காட்டும். சராசரி 1001.2. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மிகச் சரியாக 1000. இதைக் காஸ் முறை என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தராசில் இரண்டு கிலோ வாங்கப் போகிறீர்கள். ஒரு கிலோவை இந்தத் தட்டில், இன்னொரு கிலோவை அந்தத் தட்டில் நிறுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் 952.4 கிராம் வரும், மற்றதில் 1050. மொத்தம் 2002.4. கடைக்காரருக்கு நஷ்டம், கை எவ்வளவு கோணலோ அவ்வளவு நஷ்டம். ஆனால் சந்தையில் பின்னால் ஆள் நிற்கும்போது தட்டை மாற்றச் சொல்லிப் பாருங்கள், பார்வையாலேயே எரித்துவிடுவார்கள்.

இதைவிடச் சுலபம் போர்டா முறை. பொருளை ஒரு தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் மணலோ அரிசியோ போட்டுச் சமன் செய்யுங்கள். பொருளை எடுத்துவிட்டு அதே தட்டில் எடைக்கல் போட்டு மறுபடி சமன் செய்யுங்கள். போட்ட கல்லே பொருளின் நிறை. கை எப்படிக் கோணினாலும் கவலை இல்லை. அளவுகோல் சோதனையிலும் இதைச் செய்யலாம், செய்முறைத் தேர்வில் மட்டும் வேண்டாம்.

14 பிப்ரவரி

எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவருக்கு: கரண்ட் போனதும் சொல்கிறேன்.

16 பிப்ரவரி

என் தாய்மாமா வெல்ல மண்டியில் கணக்கு எழுதினார். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து வரும் வெல்ல மூட்டைகளை மேடைத் தராசில் ஏற்றுவார்கள். சின்ன வயதில் எனக்கு அந்தத் தராசின் மேல் சந்தேகம். மூட்டை ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். எதிரே கொக்கியில் மாட்டுவதோ உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்பு வில்லை. தூக்கிப் பார்த்தால் அரை கிலோ. அதன் மேல் 50 கி.கி. என்று பொறித்திருக்கும்!

மேடைக்கு அடியில் நெம்புகோல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொடர்ந்து, மொத்தம் நூறுக்கு ஒன்று என்று விகிதத்தைக் குறைக்கின்றன. மேலே உள்ள தண்டில் ஒரு பித்தளைக் குண்டு பல்வரிசையில் நகரும், மிச்சத்தை அது சொல்லும். தண்டின் கடைசியில் ஒரு திருகு. காலையில் மண்டி திறந்ததும் வெறும் மேடையில் தண்டு மிதக்கிறதா என்று பார்த்து மாமா அதைத் திருகுவார். அக்கா தன் அளவுகோலை 49.6-இல் கட்டியதும் இதே வேலைதான். வெல்லத் துகளும் மழை ஈரமும் மேடையில் ஏறிக்கொள்வதால் தினமும் செய்ய வேண்டியிருந்தது.

முத்திரை ஆய்வாளர் வரும் நாளில் மண்டித் தெரு முழுக்கத் திருகுகள் திரும்பும் என்று மாமா சொல்வார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நக்கல் என்று எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியாது.

17 பிப்ரவரி

இதையே வீட்டில் செய்ய முடியுமா என்று பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு விவசாயி. அவரிடம் 10 கிலோ வரை காட்டும் சுருள்வில் தராசு இருக்கிறது, நிறுக்க வேண்டியது நெல் மூட்டை.

தாராளமாக. ஒரு கடப்பாரை எடுங்கள், 150 செ.மீ. நீளம் என்று வைப்போம். ஒரு முனையைச் செங்கல் மேல் வையுங்கள். மறு முனையைச் சுருள்வில் தராசில் மாட்டித் தூக்குங்கள். மூட்டை இல்லாமல் எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் குறியுங்கள். 6 கிலோ கடப்பாரை என்றால் சுமார் 3 காட்டும். பிறகு செங்கல் முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி மூட்டையைக் கடப்பாரையில் தொங்கவிட்டு மறுபடி தூக்குங்கள். 8 காட்டினால் கூடியது 5. தூர விகிதம் பத்துக்கு ஒன்று, எனவே மூட்டை 50 கிலோ.

15 செ.மீ. என்பதை நன்றாக அளந்து கட்டுங்கள். அதில் ஒரு செ.மீ. தவறினால் மூட்டைக்கு மூன்று கிலோவுக்கு மேல் போய்விடும். வியாபாரிக்கு நேரே செய்து காட்டி விலை பேசுவதற்கு இது உதவாது, வீட்டுக் கணக்குக்குப் போதும்.

17 பிப்ரவரி, பின்னிரவு

படுத்த பிறகு ஞாபகம் வந்தது. கல்லே நகராமல், கயிற்றை மட்டும் நகர்த்தி நிறுக்கும் மரக்கோல் ஒன்று உண்டு. ஒரு முனை தடித்திருக்கும், மறு முனையில் பொருள் தொங்கும், நடுவில் கயிற்று வளையம். வளையத்தை நகர்த்திச் சமன் வருகிற இடத்தில் கோலில் வெட்டிய வரை எடையைச் சொல்லும். எடைக்கல்லே வேண்டாம், கோலின் கனம்தான் எடைக்கல். நாம் முதல் நாள் கஷ்டப்பட்டு வெளியே தள்ளிய கோலின் எடை, இங்கே வேலைக்கு வருகிறது.

கோல் 600 கிராம், அதன் ஈர்ப்பு மையம் பொருள் முனையிலிருந்து 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வளையம் 30-இல் நின்றால் பொருள் 200 கிராம். 20-இல் 600. 15-இல் ஒரு கிலோ. 10-இல் 1800. பாருங்கள், 200-க்கும் 600-க்கும் நடுவில் 10 செ.மீ. இடைவெளி, ஒரு கிலோவுக்கும் 1800-க்கும் நடுவில் 5 தான். எடை கூடக் கூட வரைகள் நெருங்கும். குண்டை நகர்த்தும் மண்டித் தராசில் வரைகள் சம இடைவெளியில் இருக்கும். கோலில் வரை வெட்டிய ஆசாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும், சூத்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

20 பிப்ரவரி

"நிலாவுக்குக் கொண்டுபோனால் விடை மாறுமா?" இது மாணவி.

மாறாது. இரண்டு பக்கமும் ஈர்ப்பு ஒரே அளவில் குறையும், அடிபட்டுவிடும். கத்தரிக்காய் அங்கேயும் 88 கிராம்தான். சுருள்வில் தராசு கொண்டுபோனால் ஆறில் ஒரு பங்கு காட்டும். நம் சோதனை நிறையைத் தருகிறது என்று சொல்வது இதனால்தான்.

நிலா என்றதும் இன்னொன்று. நிலாவையே இப்படி நிறுத்திருக்கிறார்கள். பூமியும் நிலாவும் ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. கத்திமுனை இல்லாத தராசில் அதுதான் தாங்கும் புள்ளி. நிலாவின் சராசரித் தூரம் 3,84,400 கி.மீ. அந்தப் புள்ளி பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,670 கி.மீ. தள்ளி, பூமிக்கு உள்ளேயே இருக்கிறது. மிச்சம் 3,79,730-ஐ 4,670-ஆல் வகுத்தால் 81.3. பூமி நிலாவைவிட அத்தனை மடங்கு கனம். பூமி இப்படி மாதம் ஒருமுறை தள்ளாடுவதால், அருகில் வரும் குறுங்கோள்களின் இடம் வானில் லேசாக ஆடுவதுபோல் தெரியும். அதை அளந்துதான் 4,670-ஐப் பிடித்தார்கள்.

இரட்டை விண்மீன்களுக்கும் இதே கணக்கு. சிரியஸும் அதன் குட்டித் துணையும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று, அதனால் பொதுப் புள்ளியிலிருந்து துணை இரண்டு பங்கு தூரத்தில் சுற்றுகிறது.

21 பிப்ரவரி

வானம் வரை போனதால் காவலூர் வானாய்வகம் பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஆமாம், ஜவ்வாது மலையில்தான், பழைய வட ஆற்காடு, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அங்கே 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இலிருந்து இருக்கிறது. எந்தப் பெரிய தொலைநோக்கியிலும் பின்னால் மாட்டிய கருவியை மாற்றினால் எதிரெடைகளைச் சரிசெய்து மறுபடி சமன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் விண்மீனைப் பின்தொடர்வதற்குப் பதிலாகக் கனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

24 பிப்ரவரி

எடைக்கல் வீட்டில் இல்லை என்பவர்களுக்கு. ரூபாய்ச் சின்னம் போட்டு 2011 முதல் 2018 வரை வந்த 5 ரூபாய் நாணயம் 6 கிராம். பழைய தடித்த வெள்ளை நிற 5 ரூபாய் 9 கிராம், இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே வகையில் எட்டைச் சேர்த்து பிளாஸ்டிக் பையில் கட்டினால் 48 கிராம், பையின் எடையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மருந்து ஊசிக் குழலால் 50 மி.லி. தண்ணீர் அளந்து சின்ன பாட்டிலில் ஊற்றுங்கள், 50 கிராம். பாட்டிலின் எடைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதே மாதிரி காலி பாட்டில் ஒன்றை மறுபக்கம் அதே தூரத்தில் தொங்கவிட்டு மறந்துவிடுங்கள், பிறகு நகர்த்துவது பொருளை மட்டும்.